ஒருமனதாக என்று எழுதிய மத்தியானம்

புதிதாகப் போட்ட மெத்தைக்குத் தண்ணீர் விட்டால் ஒரு வாசனை எழும். வெயிலில் காய்ந்த சிமெண்ட் முதல் குடத்தை அப்படியே உறிஞ்சிக்கொண்டு, சூடும் ஈரமும் கலந்த ஒரு மூச்சை மேலே விடும். எங்கள் பக்கத்தில் கான்கிரீட் கூரையை மெத்தை என்போம். அது போட்ட வீடு மெத்தை வீடு. இந்தப் பங்குனியில் பக்கத்து மனைக்காரர் மாடி எடுக்கிறார். காலையும் சாயங்காலமும் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் விடுகிறார்கள். வாசனை மதில் தாண்டி என் சன்னலுக்கு வருகிறது. எழுந்து சன்னலைச் சாத்துகிறேன். புழுக்கம் தாங்காமல் திறக்கிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புகிறேன். வாசனை போகவில்லை. பல வருடங்களுக்கு முன்னால் இதே பங்குனியில், ஒரு பெண் துணியில் முடிந்து கொண்டுவந்து மேசையில் வைத்த ஈரக் காரைத் துண்டின் வாசனை அது.

அப்போது நான் ஒரு சின்னப் பேரூராட்சியில் எழுத்தர். ஊர்ப் பெயர் வேண்டாம். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி மேற்கே மலையைப் பார்த்து வந்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். அலுவலகச் சன்னலில் கல்வராயன் மலை நீலமாக நிற்கும். மழைக்கு முந்தின நாள் கறுத்து, இரண்டடி முன்னால் வந்துவிட்டது போல இருக்கும். மலையில் பெய்தால் கோமுகியில் தண்ணீர். கோமுகியில் வந்தால் எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீர். அதனால் கோப்பு பார்க்கிற நேரத்தைவிட நாங்கள் மலையைப் பார்க்கிற நேரம் ஜாஸ்தி.

ஊரைச் சுற்றிக் கரும்பு. அந்த வருடங்களில்தான் கரும்பு வெட்டிய வயலில் அடுத்த கரணை ஊன்றாமல் கல் ஊன்ற ஆரம்பித்தார்கள். வெள்ளையடித்த மனைக்கல். நாலு மூலையில் கலர் கொடி, நுழைவில் மூங்கில் வளைவு, அதில் ஏதாவது ஒரு நகர். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வைத்து ஆட்களைக் கூட்டிவந்து காட்டுவார்கள். வாத்தியார்கள் வந்தார்கள், சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர்கள் வந்தார்கள், நைனார்பாளையத்திலிருந்தும் தியாகதுருகத்திலிருந்தும் நிலம் விற்ற பணத்தோடு வந்தார்கள். கரும்புக் கட்டை காலில் குத்த, ஆளுக்கொரு கல்லின் பக்கத்தில் நின்று, இங்கே சமையலறை, இங்கே பூஜையறை என்று கையால் காற்றில் சுவர் எழுப்பினார்கள். நானும் எழுப்பினேன். எனக்குக் கல்யாணமான புதிது. மேற்கே மலை பார்த்த ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் ஒளித்து வைத்தது போல ஆகிவிடும்.

பெண்களுக்கு வார்டு ஒதுக்கி நடந்த முதல் தேர்தல் அப்போதுதான் முடிந்திருந்தது. காலனி வார்டில் ஜெயித்து வந்தவர் ஒரு நடவுக்காரர். நடவு, களை, கரும்புக்குச் சோகை உரிப்பது என்று கூலிக்குப் போகிற பெண்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிறவர் அவர்தான். எந்த வயலுக்கு எத்தனை ஆள் என்று பண்ணைக்காரர்கள் முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். அலுவலகத்தில் நாங்கள் அவரை மெம்பரம்மா என்றோம். மற்ற உறுப்பினர்கள் ஏம்மா என்றார்கள். கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கும், கதவு ஓரமாக. அதில் அவர் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நுனியில்தான் இருப்பார், கூப்பிட்டால் எழுந்துவிட வசதியாக.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தீர்மானப் புத்தகம் என்று சிவப்புத் துணி அட்டை போட்ட பெரிய புத்தகம். கூட்டத்தன்று காலையில் நான் புதுப் பக்கத்தைத் திறந்து, தலையில் தேதியை மட்டும் எழுதி, மேசையில் விரித்து வைப்பேன். உறுப்பினர்கள் வந்ததும் வராததுமாகப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவார்கள். மேலே வெறும் வெள்ளை. பேச்சு முடிந்து எல்லோரும் வயலுக்கும் கடைக்கும் போன பிறகு, மத்தியானத்தில் நான் அந்த வெள்ளையை நிரப்புவேன். விஷயம் அதிகமாக இருந்தால் எழுத்தைச் சிறுசாக்குவேன். கம்மியாக இருந்தால் வரியை அகட்டுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான், அவருக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான். இதில் ஒரு குற்றம் இருப்பதாக எங்களில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. எழுதி முடிக்கும்வரை காத்திருக்க யாருக்கு நேரம்?

முதல் கூட்டத்துக்கு வந்த அன்றைக்கு மெம்பரம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"சார், மேல ஒண்ணுமே எழுதலியே. எழுதாத காயிதத்துல எதுக்குக் கையெழுத்து?"

மளிகைக் கடை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர், ஊர் நடுவார்டுக்காரர், பின்னாலிருந்து சிரித்தார். "ஏம்மா, உன் வூட்ட எழுதிக்க மாட்டோம், தைரியமா போடு."

"என் வூட்ட நீங்க வாங்கிக்கினா உங்களுக்குத்தாங்க நஷ்டம்" என்றார் மெம்பரம்மா. ஆனாலும் போடவில்லை. என்னைப் பார்த்தார்.

நான்தான் சொன்னேன். "ஒண்ணும் இல்லீங்க மெம்பரம்மா. கூட்டத்துக்கு வந்ததுக்கு அடையாளம், அவ்வளவுதான்."

இரவுப் பள்ளியில் கற்றுக்கொண்ட கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக, நாற்று ஊன்றுவது போல இடைவெளி விட்டு எழுதினார். அதற்குப் பிறகு ஒரு கூட்டத்திலும் அவர் கேட்கவில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டார்.

அந்த வருடத்துப் பட்ஜெட் கூட்டத்துக்கு முன்னால் ஊரில் இரண்டு மாதமாகவே பேச்சு. புது நகர்களுக்குக் குழாய் போட வேண்டும், தெருவிளக்கு வேண்டும், தார்ச்சாலை வேண்டும். அதற்குப் பணம்? வீட்டு வரியை மாற்றி அமைப்பது என்று முடிவாயிற்று. வரி இரண்டு விஷயத்தைப் பார்த்துப் போடப்படும். ஒன்று, தெரு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பது. கடைத்தெரு முதல் மண்டலம், வரி ஜாஸ்தி. காலனி மூன்றாவது மண்டலம், கம்மி. இன்னொன்று, வீடு என்ன வகை என்பது. படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும்: கூரை, ஓடு, மெத்தை. கூரைக்குக் கம்மி, மெத்தைக்கு ஜாஸ்தி.

புது நகருக்குப் போகிற பாதை காலனித் தெரு வழியாகத்தான் போனது. அந்தப் பாதையைத் தார்ச்சாலையாக்கிப் பெரிய குழாயைப் புதைத்தால், தெரு மூன்றாவது மண்டலத்திலிருந்து ஒரே தாவலில் முதல் மண்டலத்துக்கு வந்துவிடும். அங்கே இருந்த வீடுகளோ அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். ஒரே அறை, மேலே கான்கிரீட். ஆக, படிவத்தின்படி மெத்தை. கூலிக்காரர் தெரு முழுவதும் கடைத்தெருக்காரருக்குச் சமமாக வரி கட்ட வேண்டும் என்று கணக்கு வந்து நின்றது.

தெரு கூடி மெம்பரம்மாவிடம் சொன்னது. நீ போயி ஒத்துக்க மாட்டேன்னு சொல்லு. சொன்னது புத்தகத்தில் ஏறட்டும். ஏறினால் மேலே இருக்கிற அதிகாரி கூப்பிட்டு விசாரிப்பார் என்று யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லியிருந்தார். அது உண்மைதான். ஒரே ஒரு எதிர்ப்பு பதிவாகியிருந்தாலும் கோப்பு ஒரு நாளாவது நிற்கும், யாராவது தெருவுக்கு வந்து பார்ப்பார்கள். எதிர்ப்பே இல்லாத தீர்மானம் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மலைப்பக்கம் இடி இடித்துக் கோடை மழை பெய்திருந்தது. காலையில் எல்லோரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். மெம்பரம்மாவும் போட்டார். கையில் ஒரு துணி மூட்டை இருந்தது. அதை நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

தலைவர் ஆரம்பித்தார். சொந்தத்தில் கரும்பு வைத்திருந்தவர். நல்ல பேச்சுக்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "ஊரு வளரணுமா வேணாமா, சொல்லுங்க. சின்னசேலத்துல பாருங்க, எங்க பாத்தாலும் வூடு. நாம இன்னும் கரும்பப் பாத்துக்கினு ஒக்காந்துக்கினு கீறோம்."

"வளரட்டும் தலைவரே, வேணாங்கல" என்றார் மளிகைக்காரர். "கடைக்கு மட்டும் ஏத்தாதீங்க. வரி கட்டிக்கட்டி இடுப்புல வேட்டி நிக்க மாட்டேங்குது."

"உன் வேட்டி வரியாலயா நழுவுது? வயித்தால நழுவுது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மெம்பரம்மா எழுந்தார்.

"தலைவருங்க, ஒண்ணு கேக்கறேன். அந்தக் காலி மனைங்களுக்கு இன்னா வரிங்க?"

"காலி மனையில இன்னா கீது வரி போட?"

"கல்லு கீதுங்களே. கல்லு நட்டவரு நாளைக்கு அத ரெண்டு மடங்குக்கு விப்பாரு. எங்க வூட்ட எவன் வாங்குவான்? கொழாய் அவருக்கு, வரி எங்களுக்கா?"

தலைவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். "இந்தாம்மா, காலி மனைக்கு ஏத்தினா எவன் வந்து வாங்குவான்? வாங்கினாத்தான் கட்டுவான். கட்டினாத்தான் நாளைக்கு வரி வரும். அவன் வர்ற வரைக்கும் ஊருல இருக்கறவங்கதான் தாங்கணும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததாக அன்றைக்கு எனக்குப் பட்டது. இத்தனை வருடத்தில் இதை எத்தனையோ முறை புரட்டிப் பார்த்துவிட்டேன். வரப்போகிறவனுக்காக இருக்கிறவன் தாங்க வேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கலாம். எந்த இருக்கிறவன் என்று கேட்கிற இடத்தில் அது வழுக்கிவிடுகிறது. அன்றைக்கு அதைக் கேட்டவர் மெம்பரம்மா ஒருத்தர்தான். நான் கேட்கவில்லை. காலி மனைக்கு வரி என்றதும் நான் முன்பணம் கொடுத்த மனையை நினைத்தேன், அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

மெம்பரம்மா குனிந்து மூட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இன்னாம்மா அது, கறியா?" என்றார் மளிகைக்காரர். "எத்தினி பேருக்கு?"

"கறி இல்லீங்க." முடிச்சை அவிழ்த்தார். கைப்பிடிக்கு அடங்காத காரைத் துண்டு ஒன்று. ஒரு பக்கம் துருவேறிய கம்பியின் தடம். இன்னும் ஈரம். "எங்க மெத்த வூடுங்க. நேத்து மழைக்கு விழுந்தது. மழ வந்தா நாங்க வெளிய வந்து நிக்கறோம், அங்கதான் நனையறது கம்மியா கீது. இதுக்கும் கடைத்தெரு மெத்தைக்கும் ஒரே வரிங்களா?"

அறையில் அந்த வாசனை பரவியது. ஊறிப்போன சிமெண்ட். மளிகைக்காரர்கூட அந்தத் துண்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார், அது உதிர்ந்தது.

செயல் அலுவலர்தான் தொண்டையைச் செருமினார். வெளியூர்க்காரர், மாற்றலில் வந்தவர், வம்பு வேண்டாம் என்பவர். "படிவத்துல மூணு கட்டம்தாம்மா இருக்கு. ஒழுகற மெத்தைன்னு தனியா கட்டம் இல்ல."

"அப்ப கட்டம் போடுங்க சார். ஒரு கோடு இழுத்தா கட்டம்."

அந்த நேரத்தில் போண்டா வந்தது. எங்கள் மன்றத்தில் போண்டா வந்துவிட்டால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். யாரும் அப்படிச் சட்டம் போட்டதில்லை, ஆனால் சூடு ஆறுவதற்குள் முடித்துவிடுவோம். தலைவர் ஒன்றை எடுத்துப் பிட்டுக்கொண்டே, "சரிம்மா, உங்க தெருவ பின்னால தனியா பாத்துக்கலாம், விடு" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். காரைத் துண்டின் பக்கத்தில் போண்டாத் தட்டு இருந்தது.

மெம்பரம்மா என் மேசைக்கு வந்தார். "சார், நான் ஒத்துக்கலன்னு எழுதுங்க. பின்னால பாக்கறது பின்னால. இதுல எழுதுங்க."

"எழுதிடறேன் மெம்பரம்மா."

"கண்டிப்பா?"

"மத்தியானம் உக்காந்து எழுதறப்ப எழுதிடறேன். நீங்க போங்க."

அவர் ஆட்கள் ஏற்கனவே ஒரு வயலில் காத்திருந்தார்கள். அரைநாள் கூலி போனது போக மீதி அரைநாளைப் பிடிக்க வேண்டும். காரைத் துண்டைத் திரும்பத் துணியில் முடிந்துகொண்டு வேகமாகப் போனார். சன்னல் வழியாகப் பார்த்தேன். பாதையில் போய்க்கொண்டே யாரிடமோ கையை உயர்த்தி, சொல்லிட்டேன் என்பது போலக் காட்டினார்.

மத்தியானம். விசிறி சுற்றுகிறது. மலை வெளுத்துத் தூரமாகப் போய்விட்டது. செயல் அலுவலர் சாப்பிடக் கிளம்பும்போது, "வழக்கம்போல எழுதி வச்சிடுங்க, நாளைக்கு மேல அனுப்பணும்" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலைவர் ஆள் அனுப்பவில்லை. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட கதைகளில் ஒரு மிரட்டலையோ ஒரு ஜாடையையோ சேர்த்துப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பார்கள். எழுத எழுத எனக்கே பிடிக்கும். தீர்மானங்களுக்கு என்று ஒரு வாக்கியம் கையில் பழகியிருந்தது, வழவழவென்று, எங்கும் தட்டாமல் ஓடுகிற வாக்கியம்: 'மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டு, கூடியிருந்த உறுப்பினர்கள் அனைவராலும் ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.' பேனா 'அனைவராலும்' வரைக்கும் வந்து நின்றது. நின்றது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மையைத் தொட்டுக்கொண்டு நிப்பு காத்திருந்தது. இடம் இருந்தது. 'ஒரு உறுப்பினர் தவிர' என்று எழுத இரண்டு விரற்கடை போதும். எழுதினால் மேலே கேள்வி வரும். கேள்வி வந்தால் காலி மனைப் பேச்சு வரும். குழாய் ஒரு வருடம் தள்ளிப் போகும். இப்படியெல்லாம் யோசித்தேனா? யோசித்தேன் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தலைவர்தான் தனியாகப் பார்க்கலாம் என்றாரே என்று ஒன்று ஓடியது. வாக்கியம் அழகாக வந்துகொண்டிருக்கிறதே என்று இன்னொன்றும் ஓடியிருக்க வேண்டும். ஒருமனதாக என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, மை உறிஞ்சும் தாளை வைத்து ஒற்றினேன். அடியில் அவர் கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, அப்படியே இருந்தது.

வைகாசியில் வரி அறிவிப்பு வீடு வீடாகப் போயிற்று. இரண்டு நாளில் காலனித் தெரு முழுவதும் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. ஆண்கள் கொஞ்சம், பெண்கள் ஜாஸ்தி, எல்லாம் வயலில் இறங்கிய கால்கள். முன்னால் மெம்பரம்மா. நம்பிக்கையோடுதான் வந்தார்.

"நான் ஒத்துக்கலன்னு புத்தகத்துல கீதுங்க சார்" என்றார் செயல் அலுவலரிடம். "அத எடுத்துப் பாருங்க."

செயல் அலுவலர் என்னிடம் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். ஒருமனதாக என்ற இடத்தில் விரலை வைத்தார். பிறகு விரலைக் கீழே இறக்கிக் கையெழுத்தில் வைத்தார். "பாருங்கம்மா, உங்க மெம்பரே போட்டிருக்காங்க. நாங்க இன்னா பண்ண முடியும்?" எங்கள் ஊருக்கு வந்து அவர் கற்றுக்கொண்ட வார்த்தை அந்த இன்னா ஒன்றுதான்.

மெம்பரம்மா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். உதடு அசைந்தது.

"இது வந்ததுக்குப் போட்டதுங்க" என்றார். "போடும்போது மேல ஒண்ணும் இல்ல."

அவர் நடவுக் கூட்டத்திலேயே இருக்கிற ஒரு பெண், தினம் அவர் பக்கத்தில் நின்று நாற்று ஊன்றுகிறவர், பின்னாலிருந்து கேட்டார். "எழுதாத காயிதத்துல எவளாச்சும் கையெழுத்துப் போடுவாளா? எத்தினி குடுத்தாங்க உனக்கு?"

மெம்பரம்மா திரும்பி அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சார், நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னேனா இல்லியா?"

தெரு முழுவதும் என்னைப் பார்த்தது. செயல் அலுவலரும் பார்த்தார். சொன்னாங்க என்ற ஒரு வார்த்தை போதும். அன்றைக்கு என் வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். நான் மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தேன். தேடிக்கொண்டே, "புத்தகத்துல இருக்கறதுதாங்க..." என்றேன். முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. நிமிர்ந்தபோது கூட்டம் கலைந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. அவர் அதன் நடுவில் இல்லை. பின்னால், நாலடி தள்ளி, தனியாகப் போனார்.

எழுதியதைவிட அந்த இழுப்பறைதான் என்னை அதிகம் வருத்துகிறது. எழுதியபோது அறையில் யாரும் இல்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் காதில் விழுந்ததுதான். குழாயடியில் அவர் குடம் வைத்தால், "மெம்பரம்மா மொதல்ல புடிக்கட்டும், பெரிய எடம்" என்று ஒதுங்கிக்கொள்வார்களாம். நடவுக்கு ஆள் சொல்ல அவர் வாசலுக்கு வந்துகொண்டிருந்த பண்ணைக்காரர்கள், எதிர்வீட்டு வாசலுக்குப் போக ஆரம்பித்தார்கள். புது நடவுக் கூட்டம் ஒன்று கிளம்பியது. அதில் அவருக்கு இடமில்லை. கூட்டம் சேர்த்தவருக்குக் கூட்டத்தில் ஒரு ஆளாகக்கூட இடமில்லை. தெருவுக்குத் தார் போட்டார்கள், குழாய் புதைத்தார்கள். வரி கட்ட முடியாத இரண்டு மூன்று குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கரும்பு வெட்டப் போயின. அந்தப் பூட்டுகளும் அவர் பேரில்தான் எழுதப்பட்டன.

மெம்பரம்மா கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினார். தொடர்ந்து மூன்று கூட்டம் வராவிட்டால் பதவி போகும் என்பது விதி. போனதை நான்தான் எழுதினேன். அந்தத் தீர்மானத்தில் ஒரு எழுத்துப் பிழை இல்லை, ஒரு பொய் இல்லை.

ஒருநாள் அலுவலக வேலையாகக் கள்ளக்குறிச்சி போயிருந்தேன். பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். அதுதான் கடைசி. அங்கே அவர் என்னிடம் ஒரு காரியம் சொன்னார். அதை நான் இன்றுவரை செய்யவில்லை. முதலில் வேலையைக் காரணம் சொன்னேன். வேலையை விட்டு வந்த பிறகு, காலம் ஆகிவிட்டதே, யாருக்கு நினைவிருக்கும் என்றேன். நினைவிருக்கிறது. அந்தத் தெருவில் இன்னும் அவர் பெயரைச் சொன்னால் காறித் துப்புகிறவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் வீட்டுக்குக் காலனித் தெரு வழியாகப் போனால் சீக்கிரம். நான் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறேன். மழையிலும் அப்படித்தான். என் மனைவி இதை நடைப்பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பெங்களூர் பஸ் நின்ற இடத்தில், உரச் சாக்கில் தைத்த பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இளைத்திருந்தார். பார்க்காதது போலப் போயிருக்கலாம். கால் போகவில்லை.

"மெம்பரம்மா" என்றேன்.

"இன்னும் இன்னா சார் மெம்பரம்மா." சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்பு, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நல்லா கீறீங்களா? வூடு கட்டிட்டீங்களா? மனை வாங்கினீங்கன்னு சொன்னாங்க."

"கடக்கால் போட்டிருக்கேன்."

"கொழாயில தண்ணி வருதா?"

"வருது."

"வரட்டும்" என்றார். "எங்க வூட்டுக்காரரு முன்னாலயே போய்ட்டாரு சார். அங்க கட்டட வேல ஜாஸ்தியாம். சித்தாளுக்கு நல்ல கூலின்றாங்க. இங்க எவ கூட நான் நடவு நடறது?"

நடத்துநர் ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். மெம்பரம்மா பையைத் தூக்கித் தோளில் போட்டார். படியில் ஒரு கால் வைத்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், வேகமாக, யாராவது கேட்டுவிடுவார்களோ என்று குரலை இறக்கிக்கொண்டு.

"மெம்பரம்மா, அன்னிக்கு நீங்க சொன்னீங்க. நான்தான் எழுதல. யாரும் என்னை எழுத வேணாம்னு சொல்லல. நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். ஆச்சரியம் ஒன்றும் இல்லை முகத்தில். பின்னால் ஏற வந்தவர்களுக்கு வழிவிட்டு, கம்பி ஓரமாக ஒதுங்கி நின்றார். பஸ் உறுமியது. நகர ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அத எங்கிட்ட சொல்லி இன்னா சார்? எனக்குத் தெரியாதா நான் சொன்னது? எங்க தெருவுல போயி சொல்லுங்க."